அப்பா விசாரித்த ஊர்

நாம் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். நாகர்கோவில் நெரிசலில் ரோட்டைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. பேசாமல் வீட்டை விற்றுவிட்டு மேற்கே ஏதாவது ஒரு சின்ன ஊரில் போய் ஒதுங்கிவிட்டால் என்ன? இதைச் சொல்லிவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறீர்கள். நான் உதட்டைப் பிதுக்குவேன். உடனே, "இவளுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல" என்று சிரிப்பீர்கள். போன வாரம் நம் கூட்டாளி ஒருத்தி கைப்பேசியை நீட்டி, தான் பார்த்து வைத்திருக்கும் ஊரில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தண்ணீர் எப்படி, ரோடு எப்படி என்று யார் யாரோ எழுதியிருப்பதைக் காட்டினாள். ஒருத்தர் விடாமல் நல்லதே எழுதியிருந்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது.

உறுத்தத்தான் செய்யும். நான் வளர்ந்த வளர்ப்பு அப்படி. ஒரு சின்ன ஊருக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று என் அப்பா ஒரு கோடை முழுக்க விசாரித்தார். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் வீட்டை விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். நாகர்கோவிலில் ஒரு ஒடுக்கமான தெருவில் வாடகை வீடு. அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அம்மா டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை, கரண்ட் ஆபீசில் உத்தியோகம். அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்னே இறந்துபோனான். அம்மா அதன் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள். தலை சீவ மாட்டாள், சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். தொட்டிலைக் கழற்றி வைத்த பிறகும் தொட்டில் கயிறு தொங்கின கொக்கியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா பயந்துபோய் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். என்னை அத்தை வீட்டில் விட்டார்கள். அம்மா திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அம்மாவின் கண் லேசாகக் கலங்கினால் போதும், அப்பா தன் துணிப்பையில் மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிடுவார். "மறுபடி தொடங்கீராத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்பார். கோபத்தில் அல்ல, பயத்தில். அது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

இப்படி இருக்கும்போதுதான் அம்மாவுக்கு வேலை வந்தது. கருங்கலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர், அங்கே சபை நடத்தும் பள்ளிக்கூடம். நிரந்தர வேலை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்துக் காத்திருப்பவளுக்குப் போய்விடும். அம்மா அன்றைக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்தே வைத்திருந்த நூல் சேலைகளை எடுத்துக் கஞ்சி போட்டாள். கொடியில் அந்தச் சேலைகள் விறைத்துக்கொண்டு ஆடியதும், அவற்றின் நடுவில் அம்மா நின்றதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. என் அம்மா உயிரோடு திரும்பி வருகிறாள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியது. நான் சந்தோஷத்தில் கொடிக்கடியில் புகுந்து புகுந்து ஓடினேன்.

அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லை. அவருக்கு ஒரே கவலை. புது ஊரில் யாருக்காவது ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்துபோனால்? புதுசாக வந்த டீச்சரம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், வேலை போகும். வேலை போனால் அம்மா மறுபடியும் அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"நோண்டிப் பாக்காத ஊரா இருக்கணும். அடுத்த வீட்டுல என்ன கொதிக்குன்னு மூடியத் தூக்கிப் பாக்காத ஊரு. அப்பிடி இருந்தாப் போலாம்" என்றார் அப்பா.

"அப்பிடி ஒரு ஊரு கல்லறைத் தோட்டந்தான் அண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

விசாரிப்பது என்றால் என் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும் அந்த ஊருக்குப் போய்த் துப்பு விசாரிப்பவர் அவர்தான். பையன் குடிப்பானா, வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா, மாமியார் எப்படிப்பட்டவள், எல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். நம்மில் பலருக்கும் கல்யாணம் இப்படி விசாரித்துத்தானே நடந்தது! அவருக்கென்று சில முறைகள் இருந்தன. எதற்கு வந்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. முதலில் சாயாக்கடை, பிறகு கோயில் மணி அடிப்பவர், கடைசியாகத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்த வீடு. எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லாரும் நல்லதே சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒரு தடவை பையனைப் பற்றிக் கேட்டபோது சாயாக்கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தம்ளரைக் கூடுதலாகக் கழுவினார் என்பதற்காக அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொன்னவர் அவர். "யேசுநாதரே வந்து சாட்சி சொன்னாலும் அண்ணன் அவருக்குப் பக்கத்துல நிக்குத பேதுருவையும் கேட்டுட்டுத்தான் நம்புவாரு" என்பார் சித்தப்பா.

கல்யாணத்துக்கு விசாரித்த அதே முறையில் வீடு விசாரிக்கக் கிளம்பினார் அப்பா. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒரு வீட்டை அடையாளம் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு; விதவை அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிறார்கள்; முன்பாதி சும்மா கிடக்கிறது, கேட்டால் வாடகைக்குத் தருவார்கள். வீட்டில் வயரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டார். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வாட்ச் கட்டி, சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகியிருந்தார். ஏறி இறங்கும் இடத்திலெல்லாம் அவருக்கு அந்த டெஸ்டர் வேண்டும். அதன் பிடிக்குள் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் வரும். அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை, அவர் தரவே மாட்டார்.

கருங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சந்தை நாள். வாழைக்குலைகளும் கருப்பட்டி நிறைத்த ஓலைக் கொட்டான்களும் ரோடுவரை கிடந்தன. கருவாட்டு வாசனையும் பழுத்த பலாச்சக்கை வாசனையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறியது. அங்கேயிருந்து நடை. வழியெல்லாம் பனை, எங்கோ அக்கானி என்கிற பதநீர் காய்ச்சுகிற புகை. அப்பா நடந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிடுதேன்." அம்மா தலையாட்டினாள்.

சாயாக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். சித்தப்பாவைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"ஆரைப் பாக்கணும்?"

"ஆரையும் இல்ல. சும்மா இந்த வழியா வந்தோம்" என்றார் அப்பா.

"சும்மாவா?" கடைக்காரர் சிரித்தார். "தம்பிக்கு எங்க சோலி?"

"கரண்ட் ஆபீசில."

"கவர்மென்டாக்கும்!" சித்தப்பாவின் சாயாவில் மட்டும் இன்னொரு கரண்டி பால் விழுந்தது.

அப்பா மெதுவாகத் தொடங்கினார். "கோயிலுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டு வீடு கெடக்கே, அது எப்பிடி?"

"தங்கமான குடும்பமாக்கும். தகப்பன் செத்த பொறவு அந்தப் பெண்ணு தையல் மெஷின் சவுட்டியாக்கும் வீட்டைக் காத்தது. ஒரு சொல்லுக்கு இடமில்ல."

"கெணறு எப்பிடி? கோடையில வத்துமா?"

"கெணத்தை விடுங்க சாரே. அந்தப் பிள்ளை விடியும்முன்ன எழும்பி குடத்துல வெள்ளம் கோரி நிறைச்சு வச்சிரும். அப்பிடியொரு பிள்ளை."

அப்பா என்னைப் பார்க்காமலேயே என் கையை அழுத்தினார். வெளியே வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னார்: "பாத்தியாலே, கெணத்தைக் கேட்டா பிள்ளையைச் சொல்லுதான். கெணத்துல என்னமோ இருக்கு."

கோயில் மணி அடிப்பவரும் அப்படித்தான். வீட்டில் ஒரு குறையும் கிடையாது, அவ்வளவு நல்ல மனுஷங்க, ஞாயிற்றுக்கிழமை தவறினதே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனவர், "ஆனா..." என்று இழுத்து நிறுத்தினார். பிறகு மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, எல்லாம் கொள்ளாம், நல்லதாக்கும்" என்றார். அப்பாவுக்கு அந்த ஒரு 'ஆனா' போதும். அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார்.

இத்தனை கல்யாணம் விசாரித்த மனுஷனுக்கு அங்கே நடப்பது புரியவில்லையா என்று கேட்பீர்கள். உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. அவர் மனசு முழுக்க அம்மாதான் இருந்தாள். பயந்துபோன ஆளுக்குக் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது.

அந்த வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். வீட்டுக்கார அம்மா, தண்ணீர் என்ன தண்ணீர் என்று பனையோலைப் பட்டையில் அக்கானி ஊற்றிக் கொடுத்தாள். பச்சை ஓலை வாசனையோடு அந்த இனிப்பு தொண்டையில் இறங்கியது. எங்களை அவளுக்குத் தெரியாது, ஆனால் அம்மாவை "மக்களே, இரியுங்க மக்களே" என்று பெற்ற மகளைப் போலக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்பாவின் புருவம் ஏறியது. சித்தப்பா சுவரில் இருந்த சுவிட்சுக்குள் டெஸ்டரை விட்டுப் பார்த்து, வயரெல்லாம் பழசு, மாற்றணும் என்றார்.

"அதுக்கென்ன மக்களே, மாத்தலாமே. உங்களுக்கு எப்பிடி வேணுமோ அப்பிடி மாத்தலாம்" என்றாள் வீட்டுக்கார அம்மா.

அப்பாவின் புருவம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

மகள் ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீளமான கழுத்து, சிரித்தால் கண் சுருங்கும். அப்பா அவளுக்கு இடது பக்கம் போய் நின்று, "பிள்ளே, இந்த ஜன்னல் தொறக்குமா?" என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் திரும்பவில்லை. அப்பா முகம் சுண்டிப்போய் வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கிணற்றின் மேல் தென்னோலை போட்டு மூடியிருந்தது. அப்பா ஓலையை நகர்த்தப் போனார், வீட்டுக்கார அம்மா ஓடி வந்து, "அங்கெல்லாம் போகாண்டாம், வழுக்கும்" என்று கூட்டிப் போய்விட்டாள்.

நான் வெளியே கொல்லா என்கிற முந்திரி மரத்தடியில் நின்றேன். ஊர்ப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கொல்லாம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி என்னை விசாரித்தாள். என் அப்பாவையே தோற்கடிக்கிற விசாரிப்பு. எங்கள் ஊர், தெரு எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"உனக்க சித்தப்பன் குடிப்பாரா?"

"தெரியாது."

"உங்க அம்மை ஏன் பேச மாட்டேங்குதாங்க? வல்லதும் சுகமில்லியா?"

நான் ஓடிப் போய் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "எல்லாரும் நல்லதே சொல்லுதான். ஒருத்தி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா. கெணத்தை மூடி வச்சிருக்கு. சின்னப் பிள்ளைகூட நோண்டுது. இது சரிப்படாது." அம்மா கஞ்சி போட்ட சேலைகளை எடுத்து மடித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அதன் பிறகு சில நாளில் எங்கள் தெருவில் ஒருத்தர் வந்தார். கறுப்புக் குடை, மேல்துண்டு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். மூலைக்கடையில் நின்று ஏதோ கேட்டார். எங்கள் வீட்டைக் கடந்து போனார், திரும்பியும் வந்தார். அடுத்த வீட்டு மாமி அவரிடம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் போன பிறகு அப்பா வெளியே போய், "ஆரு மாமி அது?" என்று கேட்டார்.

"ஆரோ வழி கேட்டாவ" என்றாள் மாமி.

வழி கேட்க அவ்வளவு நேரமா? பள்ளிக்கூடத்துக்காரங்கதான் அம்மாவைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். "மாமி நம்ம பக்கம். ஒண்ணும் சொல்லிருக்க மாட்டா. கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுப் பலகாரம் முதல்ல அவ வீட்டுக்குத்தானே போவுது" என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார். ஆனால் ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றார் மறுநாள். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு தடவ கூடப் போயிட்டு வந்து சொல்லுங்க. அதுக்குப் பொறவு நான் கேக்க மாட்டேன். ஜூன் வந்துரும்." வேலை கையைவிட்டுப் போனால் அவளுக்கு இனி ஒன்றும் இல்லை என்பது இறக்கி வைத்த பிறகும் சட்டியை விடாத கையிலேயே தெரிந்தது. அப்பா சரி என்றார். கடைசித் தடவை. அங்கேயே வைத்து உண்டு இல்லை என்று முடிவு.

சித்தப்பா தனக்குத் தெரிந்த பஸ் கண்டக்டர் மூலம், சனிக்கிழமை நாங்கள் மறுபடியும் அந்தப் பக்கம் வருகிறோம் என்று அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் போனபோது வாசலில் சாணம் தெளித்துப் பெருக்கியிருந்தது. வீட்டுக்குள் கோழிக்கறி கொதிக்கும் வாசனை. முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் தட்டில் அடுக்கியிருந்தது. முந்திரிக்கொத்து கல்யாணப் பேச்சில்லாத வீட்டில் சும்மா செய்கிற பலகாரமா? அக்கா புதுச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். "வீடு வாடகைக்கு விட இவ்வளவு எதுக்கு?" என்று அப்பா சித்தப்பாவின் காதில் முனகினார். "என்னமோ பெரிசா ஒளிக்காவ."

இலை போட்டு உட்காரவைத்தார்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் முதலில் வந்தன, பிறகு சோறும் கோழியும். நான் பாதி சாப்பிட்டிருப்பேன், உள்ளறையிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் தம்பி வந்தார். அக்காவுக்குத் தாய்மாமன். மேல்துண்டு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். எங்கள் தெருவில் குடையோடு நடந்த அதே ஆள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார்.

குடைக்காரர் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பின்ன என்ன, பேச்சைத் தொடங்கலாம் இல்லியா? தம்பிக்கு எங்க பிள்ளையைப் பிடிச்சா?"

சித்தப்பாவுக்குப் புரையேறியது. கோழி மூக்கு வழியாக வந்துவிடும் போல இருமினார்.

"எந்தத் தம்பிக்கு?" என்றார் அப்பா.

"இவருக்குத்தான். வேற எந்தத் தம்பி?"

"நாங்க..." அப்பா கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார். "நாங்க வீடு பாக்கத்தானே வந்தோம். வாடகைக்கு. முன்பாதி."

ஒரு கோழி உள்ளே வந்து சோற்றுப் பருக்கையைக் கொத்திவிட்டுப் போனது. கதவோரம் கறிக்கிண்ணத்தோடு நின்ற அக்காதான் முதலில் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. எனக்கும் மாப்பிளையைப் பிடிக்கல்ல. வந்த நேரம் முதல் சுவரைத்தானே பாக்குதாரு, என்னையா பாத்தாரு?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே தலையிலிருந்த பிச்சிப்பூவை ஒரு கையால் உருவி எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "அப்போ இனி ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இந்த இடது காது கேக்காது. ஊரில ஒருத்தரும் உங்ககிட்ட அதைச் சொல்லிருக்க மாட்டாங்க. எனக்கு ஒரு வழி வரட்டும்னு சொல்லாம இருந்திருப்பாங்க. கெணத்துல இப்போ சேறுதான் கெடக்கு. நாங்க பக்கத்து வீட்டிலயாக்கும் கோருதோம். மழை பெஞ்சா அந்த மூலை ஒழுகும். வேற என்ன தெரியணும்?"

வீட்டுக்கார அம்மாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எதுக்கு வந்தோம்னு சொல்லாம வந்தா நாங்க என்ன நினைக்க? சாயாக்கடையில கேட்டிய, கோயில்ல கேட்டிய, குடிக்க வெள்ளம் வேணும்னு வீட்டில கேறினிய. பெண்ணு விசாரிக்க வாறவன் இப்பிடித்தானே வருவான்! இதை நம்பி நாங்களும் ஆள் விட்டு உங்க தெருவில விசாரிச்சோம்."

அப்பா மெதுவாகக் கேட்டார்: "என்ன சொன்னாவ?"

குடைக்காரர் நெளிந்தார். "அதொண்ணும்..."

"சொல்லுங்க."

"அடுத்த வீட்டு அம்மைதான். தம்பி சம்பள நாளு கொஞ்சம் குடிப்பாருன்னு சொன்னாங்க. பின்ன..." அவர் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளை செத்த பொறவு இவங்க ஆஸ்பத்திரியில கெடந்தது. நான் கேக்கவே இல்ல. அவங்களா சொன்னாங்க."

அடுத்த வீட்டு மாமி! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் பலகாரத்தைத் தின்ற வாய். அப்பா எந்த ஊரில் நோண்டுவார்கள், எந்த ஊரில் ஒளிப்பார்கள் என்று பஸ் ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஷயம் எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அப்பா எச்சில் கையோடு எழுந்தார். "ஏட்டி, எழும்பு. போவோம்."

அம்மா எழவில்லை. இலையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்: "அது தெரிஞ்ச பொறவுமா எங்களுக்குச் சோறு ஆக்கினிய?"

"தெரிஞ்சுதான் ஆக்கினேன்" என்றாள் அவள். "எனக்க தம்பி வந்து சொன்னப்போ நான் அவனைத்தான் ஏசினேன். பிள்ளையைக் குழியில வச்சிட்டு வந்தவ பின்ன பாட்டா பாடுவா? இதையெல்லாம் ஒரு குறைன்னு சொல்ல வந்துட்டியாலேன்னு கேட்டேன். கேட்டுப் பாரு அவன்கிட்ட."

குடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அம்மா அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. பயத்தில் நான் சித்தப்பாவின் மடியில் ஏறிவிட்டேன். அப்பா கையைக்கூடக் கழுவாமல் துணிப்பைக்குள் விட்டுத் துழாவினார். "மறுபடி தொடங்கிட்டா, மறுபடி தொடங்கிட்டா" என்று உளறினார். மாத்திரை உருண்டு கீழே விழுந்தது, குனிந்து பொறுக்கினார்.

"நீங்க அங்க இரியுங்க" என்று வீட்டுக்கார அம்மா அவரை அதட்டினாள். "அவ அழட்டு. அழாம அடக்கினதுதான் சீக்கு." அவள் அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, சோற்றுக் கையோடு இருந்த அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாரும் சாப்பிடவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.

கொஞ்சம் அடங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்: "ஜூன்ல நாம இங்க வாறோம்."

"இங்க எல்லாருக்கும் தெரியும்டீ."

"தெரிஞ்சவங்க கூடத்தான் எனக்கு இருக்கணும். அங்க ஒளிச்சு ஒளிச்சு எனக்கு மூச்சு முட்டுது."

அப்பா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் என் அப்பாவை அவ்வளவு செயலற்றுப் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "பிள்ளைக்கு என்ன பேரு விளிக்கணும்னு வச்சிருந்தே மக்களே?"

"ஞானஸ்நானம் குடுக்கல்ல" என்றார் அப்பா. "பேரு ஒண்ணும் வைக்கல்ல."

"வச்சிருந்தேன்" என்றாள் அம்மா. பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள்.

நான் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். சித்தப்பா கேட்டார், அக்கா கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அப்பா அம்மாவுக்கு எதிரில் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.